ஐந்தாம் மாடியும் 91ஆம் சங்கீதமும்

மியான்மரின் யாங்கோனில் ஐந்தாம் மாடியில் தாயாருடன் வசிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அம்மா தினமும், தேவன் ஆபத்துக்கு விலக்கிக் காப்பார் என்று பாடும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். நான் அவசரத்துக்கு ஒரு பை கட்டி வாசலருகே வைத்தேன். அது அவிசுவாசம் என்று சொல்லி அலமாரிக்குள் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் லேசாக ஆடியபோதும் கீழே இறங்க மறுத்துவிட்டார்கள். சங்கீதம் உண்மையென்றால் அம்மா செய்வது சரிதானே? உண்மை இல்லையென்றால் ஏன் அதை ஜெபிக்கிறோம்?"

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டே சாகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். நீங்கள் வாய் திறந்து கேட்டுவிட்டீர்கள். சங்கீதம் உண்மை. நாம் அதைப் பிடித்திருக்கும் பிடியில்தான் கோளாறு. இதில் அம்மாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தமிழ்ச் சபையில் நாற்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்திய நானும் அதில் பாதிக் காலம் அவர்கள் நினைப்பதைப் போலவேதான் சொல்லிக்கொடுத்தேன்.

வேதாகமத்தை எடுத்து அந்தச் சங்கீதத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். இரவில் உண்டாகும் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு, இருளில் நடமாடும் கொள்ளைநோய், "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று ஒரு பட்டியல் வரும். மார்ச் 28 வெள்ளிக்கிழமை மண்டலேயையும் சகாயிங்கையும் பூமி உலுக்கியது பகல் 12.50 மணிக்கு. அன்று மாலை ஒரு வீட்டு ஜெபத்தில் இந்தச் சங்கீதத்தை வாசித்த பெண் 'மத்தியானத்தில்' என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மின்சாரம் போய் அதுவும் நின்றது.

இப்போது 15ஆம் வசனத்துக்கு வாருங்கள். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்தே வராது என்பது வாக்கானால், ஆபத்தில் கூட இருக்கவேண்டிய அவசியம் என்ன? இந்தச் சங்கீதத்தை எழுதியவர் அம்பையும் கொள்ளைநோயையும் கண்ணால் கண்டவர். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று அவர் எழுதியது, சிறகுக்குள் கிடக்கும் குஞ்சின் நிம்மதியைச் சொல்லும் பாட்டு. இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் வாசகத்தைப் போல அதை வரிக்கு வரி நீட்டிக் கணக்குக் கேட்டால், பாட்டும் போய்விடும், நிம்மதியும் போய்விடும்.

இந்தச் சங்கீதத்தைப் பத்திரம்போல நீட்டிக் காட்டியவன் வேதத்திலேயே ஒருவன் இருக்கிறான். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னபோது பிசாசு எடுத்துக் காட்டியது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருக்கிறது. மத்தேயு எழுதியபடி பார்த்தால், அவன் 'உன் வழிகளிலெல்லாம்' என்பதை விழுங்கிவிட்டான். உப்பரிகையிலிருந்து குதிப்பது யாருடைய வழியும் அல்லவே! அடுத்த வசனத்துக்கும் அவன் போகவில்லை. அதில்தான் விரியன் பாம்பையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பது வருகிறது. வலுசர்ப்பம் என்று வேதம் அழைப்பது அவனைத்தான். தன் கதை வருமிடத்தில் நிறுத்திக்கொண்டான் என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இயேசு சொன்ன பதில், "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது. மேலேயிருந்து குதித்துக் காட்டு என்பதும், ஆடி நின்ற பிறகும் கட்டடத்தைவிட்டு இறங்காமல் இருந்து காட்டு என்பதும் ஒரே பரீட்சைதான். இந்த ஒப்புமையை அம்மாவிடம் இப்படியே சொல்லிவிடாதீர்கள். 'என்னைப் பிசாசு என்கிறாயா' என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது.

தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: அடைக்கலம். அதைக் கேடயம் என்று மட்டும் நாம் புரிந்துகொள்கிறோம். அடைக்கலப் பொருள் என்றால் நம்பி ஒருவர் கையில் ஒப்படைத்த பொருள். பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டு, அதைப் பற்றிக் கணக்குச் சொல்லவேண்டியவர் உண்டு. நம் வேதாகமத்தில் சிட்டுக்குருவிக்கு என்ன பெயர் என்று கவனித்திருக்கிறீர்களா? அடைக்கலான் குருவி. வீட்டு இறவாணத்தில் வந்து ஒண்டிக்கொள்வதால் நம் ஊர் மக்கள் வைத்த பெயர். "ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகளை விற்கிறார்களல்லவா?" என்று இயேசு கேட்கிறார். யாங்கோனில் பகோடா வாசல்களில் கூண்டில் அடைத்த குருவிகளை விற்பவர்களைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. காசு கொடுத்தால் ஒன்றைப் பறக்கவிடலாம். அதே குருவி அடுத்த நாள் மறுபடி கூண்டில் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு மலிவான உயிர். அந்தக் குருவியைப் பற்றி இயேசு சொன்னது என்ன? தரையில் விழாது என்று சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்றார். குருவி விழும். விழும்போதும் அது யாரோ ஒருவருடைய அடைக்கலப் பொருள்.

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் நாம் கொடுமைக்காரர்களாகிவிடுவோம். மண்டலேயில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது ரமலானின் கடைசி வெள்ளி. ஜும்மா தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள்மேல் மடம் சரிந்தது. நாடு முழுவதும் 3,000 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வாரங்களில் 'பார்த்தீர்களா, மெய்யான தேவனை அறியாததால்' என்று நம் ஆட்கள் சிலர் பேசியதை என் காதால் கேட்டேன். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். ஆராதனை செய்யும்போதே செத்தவர்கள்! அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைத் தாமாகவே இழுத்துச் சொல்லி, அதற்கும் இல்லை என்கிறார். கட்டடம் விழுந்து செத்தவர்களைப் பற்றி இவ்வளவு தெளிவான பதில் வேதத்திலேயே இருக்க, நாம் ஏன் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கவேண்டும்? பூமி ஆடியதற்குக் காரணம் சகாயிங் பிளவு. வடக்கு தெற்காக நாட்டின் நடுவே ஓடும் அந்தப் பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. 1930இல் பெகுவை (இன்றைய பாகோ நகரை) இடித்ததும் அதே பிளவுதான். பெகு நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் பை வீண் பயம் அல்ல.

சபையில் சாட்சி சொல்லும்போதும் கொஞ்சம் நாக்கை அடக்கவேண்டும். 'பக்கத்து வீடு விழுந்தது, என் வீட்டைக் கர்த்தர் காத்தார்' என்று ஒருவர் சொல்லும்போது, பின்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கக்கூடும். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. அங்கே கரேன் இனத்தவரின் கிறிஸ்தவக் கிராமங்களும் இருந்தன. அவர்களும் இதே சங்கீதத்தைத் தங்கள் மொழியில் வைத்திருந்தவர்கள்தான்.

சரி, பைக்கு வருகிறேன். விசுவாசமும் முன்னெச்சரிக்கையும் சேருமா என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. கப்பலில் 276 பேர். ஒரு உயிர்கூடப் போகாது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லிவிட்டான். வாக்கு முத்திரை போட்டாயிற்று. நாமாக இருந்தால் பாய்மரத்தடியில் உட்கார்ந்து துதிப்பாடல் பாடியிருப்போம். பவுல் என்ன செய்கிறார்? மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோல நடித்துச் சிறு படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். அதைக் கவனித்து நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." ஒருவரும் சாகமாட்டார்கள் என்று சொன்ன அதே வாய் இதையும் சொல்கிறது. அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. பிறகு, பதினாலு நாளாகச் சாப்பிடாதவர்களை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். தெரியாதவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். தேவன் கொடுத்த வாக்கு அன்று உடைந்த பலகையாக மிதந்து வந்தது. கப்பலோ முழுதாகப் போயிற்று. அது காக்கப்படும் என்று யாரும் சொல்லவில்லை.

இதே பவுல் தமஸ்குவில் மாட்டியபோது, சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இரவில் இறக்கிவிட்டார்கள். நம் தெருக்களில் மேல்மாடிகளிலிருந்து மணி கட்டிய கயிறு தொங்குமே, பத்திரிகையும் சாவியும் ஏற்றி இறக்க? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தமஸ்கு ஞாபகம் வரும். அப்போஸ்தலர் ஒருவர் காய்கறிபோல இறங்கியிருக்கிறார். அதை வெட்கப்பட்டு மறைக்காமல் கொரிந்தியருக்கு எழுதியும் இருக்கிறார்.

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் ஒரே வழி என்றும் இல்லை. எஸ்றா எருசலேமுக்குப் புறப்பட்டபோது ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் பண்ணிவிட்டுக் காவலில்லாமல் போனார். நெகேமியா அதே எருசலேமுக்கு இராணுவச் சேவகரோடும் குதிரைவீரரோடும் போனார். அங்கே பகைவர் மிரட்டியபோது அவர்கள் தேவனை நோக்கி ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார்கள். வேதம் இருவரில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்றா பணயம் வைத்தபோது தாமும் அந்தப் பயணத்தில் இருந்தார். நீங்கள் மாடியில் தங்கினால் ஆபத்து உங்களுக்கு மட்டும் அல்ல. உங்களைத் தேடி மேலே ஏறி வரப்போகிறவனுக்கும்தான். இதை அம்மா யோசித்திருக்கமாட்டார்கள்.

2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் சிலர் இதே குற்ற உணர்வோடு என்னிடம் வந்தார்கள். கர்த்தரை நம்பாமல் ஓடவிட்டோமோ என்று கேட்டார்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுதான் என்பதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனிக் கடினமான பகுதி. எல்லா முன்னெச்சரிக்கையும் செய்து, எல்லா ஜெபமும் செய்து, பிறகும் இழந்தவர்களைப் பற்றி.

இந்த நாட்டில் சுவிசேஷ வரலாறு பேசுகிறவர்கள் அதோனிராம் ஜட்சனின் தலையணைக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். 1813இல் இரங்கூனுக்கு (இன்றைய யாங்கோனுக்கு) வந்த அமெரிக்க மிஷனெரி அவர். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டதும் உளவாளி என்ற சந்தேகத்தில் அன்றைய தலைநகர் ஆவாவில் சிறை வைக்கப்பட்டார். அவர் பர்மிய மொழியில் பெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவருடைய மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். பிறகு, திருட யாருக்கும் ஆசை வராத ஒரு கரடுமுரடான தலையணைக்குள் தைத்துச் சிறைக்கே அனுப்பினார். கடைசியில் அதைக் காவலர்கள் பிடுங்கி எறிந்தபோது, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு விசுவாசி நினைவுப் பொருளாக எடுத்துப்போய் வைத்தார். கையெழுத்துப் பிரதி பிழைத்தது. 1834இல் வேதாகம மொழிபெயர்ப்பு முழுவதும் முடிந்தது. பிரசங்கத்தில் இங்கே 'அல்லேலூயா' சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஜட்சன் விடுதலையான வருடமே, 1826 அக்டோபரில், ஆன் காய்ச்சலில் இறந்தார். ஆறு மாதத்தில் அவர்களுடைய குழந்தையும் இறந்தது. ஜட்சன் காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, தமக்கென்று ஒரு குழி வெட்டி அதன் கரையில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் அப்போது எழுதினார். தலையணையைக் காத்தவர் தைத்த கையைக் காக்கவில்லையே என்று அவர் கேட்டிருக்கமாட்டாரா? ஜட்சனைப் பற்றிய பிரசங்கங்களில் இந்தக் குழியும் வரவேண்டும் என்பது என் கட்சி. அது வராததால்தான் நம் பிள்ளைகள் முதல் இழப்பிலேயே விசுவாசம் போயிற்று என்று நினைக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். கிறிஸ்துமஸ் நாளன்று மறுபடியும். அதன்பின் இந்தியர்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். என் தாத்தாவும் பாட்டியும் மூன்று பிள்ளைகளோடு எல்லையிலுள்ள தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார்கள். அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் இறந்தவர்கள் ஆயிரமாயிரம். என் மூத்த அத்தைக்கு அப்போது ஒன்பது வயது. மலை ஏறும் முன்பே போய்விட்டாள். தினமும் இரவில் தாத்தா 91ஆம் சங்கீதம் சொல்லித்தான் பிள்ளைகளைப் படுக்கவைத்திருக்கிறார்.

போர் முடிந்து இரங்கூனுக்குத் திரும்பினார்கள். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சங்கீதங்களை வரிசையாக வாசிப்போம், நாளுக்கு ஒன்று. 90 முடிந்தால் மறுநாள் 92. சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை, "தாத்தா, ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்றேன். பாட்டி என் தொடையைக் கிள்ளினார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் 92ஐ வாசித்து முடித்தார். சாகும்வரை அவர் ஒரு நாளும் ஜெபத்தை விட்டதில்லை. அந்த ஒரு சங்கீதத்தைத் தாண்டிக்கொண்டேதான் ஜெபித்தார். அவரிடம் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. தேவனோடு கோபமாக இருந்தும் தேவனுடைய வீட்டைவிட்டு வெளியேறாத பிள்ளை என் தாத்தா.

வேதம் இப்படிப்பட்டவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறார்கள். சில வசனங்கள் தள்ளி, பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து கூட்டிவருகிறான். சபை யாக்கோபுக்காக ஜெபிக்கவில்லையா என்ன? காரணம் எழுதப்படவில்லை. எபிரெயர் 11இலும் பட்டயத்துக்குத் தப்பியவர்களும் பட்டயத்தால் இறந்தவர்களும் ஒரே விசுவாச வீரர் வரிசையில் நிற்கிறார்கள். தானியேல் புத்தகத்தில், அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூவர் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொன்னார்கள். விடுவிக்காமற்போனாலும் உன் சிலையைப் பணியமாட்டோம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். அந்த 'போனாலும்' இல்லாத ஜெபத்தை நான் இப்போது யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

அப்படியானால் எதற்கு 91ஐ ஜெபிக்கிறோம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பயம் நம் கைகால்களைக் கட்டிப்போடாமல் இருக்க. பயந்தவன் தன் கதவை மட்டும் சாத்திக்கொள்வான். அடைக்கலத்தில் இருக்கிறவனுக்குத் தன் உயிரைக் கட்டிக் காக்கும் வேலை ஒன்று குறைகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியை இறக்கிவிட ஒரு கை மிச்சமாகிறது. மார்ச் மாதம் மண்டலேக்குத் தார்ப்பாயும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு போன எங்கள் பையன்கள், விரிசல் விட்ட பாலங்களைத் தாண்டும்போது வண்டிக்குள் இந்தச் சங்கீதத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனார்களாம். அதுதான் அதற்குரிய இடம். தாத்தா தாண்டிய அதே சங்கீதம்.

அம்மாவோடு வாதாடாதீர்கள். ஒரு சாயங்காலம் அப்போஸ்தலர் 27ஐ முழுதாக வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் வேண்டாம். பலகையைப் பிடித்துக் கரையேறிய இடம் வந்ததும் வேதாகமத்தை மூடிவிடுங்கள். சில நாள் கழித்துப் பையை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.

பூமி ஆடிக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் ஓடவேண்டாம். பால்கனிப் பக்கமும் போகவேண்டாம். கனமான மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டு இருங்கள், நின்றபிறகு இறங்குங்கள். கீழ்வாசல் இரும்புக் கதவை இரவில் பூட்டுகிறீர்கள் என்றால், சாவி எங்கே தொங்குகிறது என்று ஐந்து மாடிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். பையில் அம்மாவின் கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை, டார்ச், அடையாள அட்டை நகல் இருக்கட்டும். பெரிய எழுத்து வேதாகமத்தையும் எடுத்து வரவேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்டால் மறுக்காதீர்கள். அது கனம், அதை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.